ஆள் பெருகும்போது: நிறுவன வளர்ச்சியும் மனிதவள மேலாண்மையும்

ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், அவர்களுக்குரிய வேலையையும் ஊதியத்தையும் வகுத்தல், பயிற்சி அளித்தல், திறனை மதிப்பிட்டு உயர்த்துதல், குறைகளைக் கேட்டுத் தீர்த்தல், விலகுவோரை முறைப்படி விடுவித்தல் ஆகிய பணிகள் அனைத்தையும் ஒருங்கே குறிக்க இன்று மனிதவள மேலாண்மை என்னும் தொடர் வழங்குகிறது. ஆலையும் அலுவலகமும் தோன்றிய நாள் முதலே இப்பணிகள் ஏதோ ஒரு வகையில் நடந்துவந்தன. அவற்றுக்கெனத் தனித் துறையும் தனி அதிகாரியும் வேண்டும் என்ற எண்ணம்தான் பிற்காலத்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் முதலாளியே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறார். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் அது நடவாது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் மனிதவளத் துறை எவ்வாறு உருவாகிறது, நிறுவனம் வளரும்போதும் உருமாறும்போதும் சுருங்கும்போதும் அதன் பொறுப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். பாடநூல்கள் இதனைப் படிப்படியான முன்னேற்றமாகக் காட்டுவது வழக்கம். இந்தியத் தொழில் வரலாற்றைப் பார்த்தால் பெரும்பாலும் சிக்கல் முன்னே வந்திருக்கிறது, துறை பின்னே வந்திருக்கிறது. துறைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருந்த இடங்களில் அது பயன்பட்டது, இல்லாத இடங்களில் ஏடுகளைப் பெருக்கியதோடு நின்றது.

இந்திய ஆலைகளில் மனிதவள அதிகாரிக்கு முன்னோடி மேஸ்திரி. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஜாபர், வங்கத்துச் சணல் ஆலைகளில் சர்தார், இலங்கை மலேயாத் தோட்டங்களில் கங்காணி எனப் பெயர் வேறுபட்டாலும் வேலை ஏறக்குறைய ஒன்றே. ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவது, முன்பணம் கொடுப்பது, வேலை பழக்குவது, மேற்பார்வை பார்ப்பது, விடுப்புக் கொடுப்பது, பிடிக்காதவரை வெளியே அனுப்புவது எல்லாம் அவர் கையில் இருந்தன. தொழிலாளியின் மொழியும் ஊரும் அறியாத ஆங்கிலேய மேலாளருக்கு இது மலிவான, தலைவலி இல்லாத ஏற்பாடாக அமைந்தது. ஆலை எத்தனை பேரைச் சேர்த்தாலும் மேலாளர் பேசவேண்டியது சில மேஸ்திரிகளோடு மட்டுமே. அதன் விலையைத் தொழிலாளி கொடுத்தார். வேலையில் சேரவும், சேர்ந்த வேலை நிலைக்கவும் கையூட்டு வேண்டியிருந்தது. மேஸ்திரியே வட்டிக்குக் கடன் கொடுப்பவராகவும் இருந்தால், கூலி கைக்கு வருமுன்பே அதில் ஒரு பங்கு போய்விடும்.

ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் தன் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் இம்முறையைக் கடுமையாகக் குறைகூறியது. ஆள் சேர்க்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் மேஸ்திரி வகையினரிடமிருந்து எடுத்து, தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அந்த அலுவலர் பொது மேலாளர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இவற்றுள் பின்னதையே கூர்ந்து நோக்க வேண்டும். உற்பத்தி மேலாளருக்குக் கீழே வைக்கப்பட்ட அலுவலரால் உற்பத்தி மேலாளர் மீதான குறையை விசாரிக்க இயலாது என்ற எளிய உண்மையை ஆணையம் அறிந்திருந்தது. பின்வந்த பல நிறுவனங்கள் அதனை மறந்தன.

இப்பரிந்துரைக்குப் பின்னே பத்தாண்டுக்கும் மேற்பட்ட போராட்டங்கள் இருந்தன. சென்னை பெரம்பூர்ப் பகுதியில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள், மதிய உணவுக்குப் போதிய இடைவேளை இல்லாமையையும் மேற்பார்வையாளரின் வசவையும் அடியையும் வெளியே எடுத்துச் சொல்ல வழி தேடிய சூழலில்தான் 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு. வி. க. அதன் முன்னணியில் நின்றார். வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறி மாறி வந்தன. சங்கத் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு எழுப்பிய கேள்விகள் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தன. தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் குழு ஒன்றை நிர்வாகம் அமைத்தது இந்தக் கொந்தளிப்புக்குப் பிறகே. உணவு இடைவேளையைப் பற்றிய குறையைக் கேட்டு முடிவு சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவர் ஆலைக்குள் இருந்திருந்தால் சங்கம் தோன்றியிராது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அக்குறை நீதிமன்றம் வரை செல்லும் மோதலாக வளர்ந்ததற்கு அத்தகைய ஒருவர் இல்லாமையும் ஒரு காரணம் எனலாம்.

மேலைநாட்டு வரலாறும் இதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் பணியாளர் துறை ஒன்றை ஏற்படுத்தியது 1901இல் நிகழ்ந்த கசப்பான தொழிலாளர் போராட்டத்தின் பின்விளைவு. ஃபோர்டு நிறுவனத்தின் கதை இன்னும் தெளிவானது. நகரும் பொருத்துத்தடம் வந்த 1913ஆம் ஆண்டில் அங்கு ஆள் மாற்றம், அதாவது வேலையை விட்டுப் போனோர் இடத்தில் புதியவர் சேர்க்கப்படும் விகிதம், 370 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஓராண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நாளொன்றுக்கு ஐந்து டாலர் வருமானம் கருணையால் வந்தது என்பாரும் உளர். இந்தக் கணக்கைப் பார்த்தவர்க்கு அதன் காரணம் விளங்கும். அந்தத் தொகையில் ஒரு பங்கு தொழிலாளியின் வீட்டு ஒழுக்கத்தைப் பொறுத்தே கிடைத்தது என்பதும், அதனைச் சோதிக்க நிறுவனத்தின் சமூகவியல் பிரிவு வீடு வீடாக ஆள் அனுப்பியது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. நலம் பேணுதலும் வேவு பார்த்தலும் ஒரே துறைக்குள் குடியேறியது அப்போதே.

வளர்ச்சியின் படிகளை இந்தியாவில் கோட்பாட்டை விடத் தெளிவாகச் சட்டமே குறித்துவைத்திருக்கிறது. கோவையின் புறநகரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். ஆறேழு பேர் இருக்கும்வரை முதலாளியின் சட்டைப்பையில் உள்ள சிறு குறிப்பேடுதான் அதன் மனிதவளத் துறை: யார் எத்தனை ஷிப்ட் பார்த்தார், காதுகுத்துக்கு யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், தீபாவளிக்கு யாருக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆட்கள் 10 ஆகும்போது பணிக்கொடையும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் கட்டாயமாகின்றன. 20ஐ எட்டினால் வருங்கால வைப்பு நிதி, போனஸ், குறைதீர்ப்புக் குழு; 50ஐ எட்டினால் குழந்தைகள் காப்பகம்; 100ஐ எட்டினால் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்தமரும் பணிக்குழு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, 2025 நவம்பர் வரை, 250 பேருக்கு மேல் இருந்தால் உணவகமும், 500 பேர் இருந்தால் தொழிலாளர் நல அலுவலரும், 1,000 பேர் இருந்தால் பாதுகாப்பு அலுவலரும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணும், இதற்கு மேல் முதலாளியின் நேரடிப் பரிச்சயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று சட்டம் வரைந்த கோடு. அக்கோட்டைத் தாண்டாமலிருக்க ஒரே கூரையின் கீழ் இரண்டு பெயர்ப்பலகைகளை மாட்டி, ஆட்களை இரு நிறுவனங்களாகப் பிரித்துக் காட்டும் உத்தியும் தொழில் வட்டாரங்களில் எல்லோரும் அறிந்ததுதான்.

இச்சட்டங்களில் மனிதவள மேலாண்மையின் இயல்பை ஆழமாக மாற்றியது 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம். நிலையாணை என்பது வேலைநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் ஆகியவற்றுக்கான விதிகளை நிறுவனம் எழுத்தில் வகுத்து, உரிய அலுவலரிடம் சான்று பெற்று, தொழிலாளருக்குத் தெரியும்படி ஒட்டிவைக்கும் ஆவணம். குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், பதில் சொல்ல வாய்ப்பளித்தல், விசாரணை நடத்துதல் என்னும் நடைமுறைகள் ஆலைக்குள் வேரூன்றியது இதனால்தான். மூலச் சட்டத்தில் 100 தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த எண்ணை 300 ஆக உயர்த்தின. அதே தொகுப்புகள் நல அலுவலர் நியமிக்கவேண்டிய எண்ணை 500இலிருந்து 250ஆகவும், உணவகத்துக்கான எண்ணை 100ஆகவும் குறைத்தன. நலப்பணி கூடுதலான இடங்களுக்குச் செல்ல, சட்டத்தின் கட்டாயத்தால் எழுதப்படும் விதிகள் குறைவான இடங்களுக்குச் சுருங்கின என்பது கவனிக்கத்தக்க முரண். 200 பேர் உள்ள ஆலையில் உணவு கிடைக்கும், விசாரணை முறை நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்னும் நிலை மனிதவள அதிகாரியின் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்கிறது.

நல அலுவலரின் நிலையில் தொடக்கம் முதலே ஓர் இரட்டைத்தன்மை உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அவர் பேசவேண்டியதோ தொழிலாளியின் குறையை. இதனை உணர்ந்தே பல மாநிலங்களின் விதிகள், நல அலுவலர் தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கைகளில் நிர்வாகத்தின் சார்பில் ஈடுபடக் கூடாது என்று தடுத்தன. நடைமுறையில் சிறிய ஆலைகளில் நல அலுவலர், பணியாளர் அலுவலர், வழக்கு பார்ப்பவர் மூவரும் ஒருவரே. காலையில் ஒரு தொழிலாளியின் மகளுடைய மருத்துவச் செலவுக்குக் கையெழுத்திட்டவர் மாலையில் அதே தொழிலாளிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தட்டச்சு செய்ய நேர்ந்தால், டைம் ஆபீஸின் சிறு சாளரத்துக்கு வெளியே நிற்பவர் அவரை எந்த முகத்தோடு அறிவார் என்பது எந்தப் பாடத்திட்டமும் விடை சொல்லாத கேள்வி.

வளர்ச்சியின் அடுத்த கட்டத்தை விளக்க மேலாண்மை அறிஞர் லாரி கிரைனர் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் துணைபுரிகிறது. ஒரு நிறுவனம் அமைதியாக வளரும் காலத்தையும் திடீரென நெருக்கடிக்குள்ளாகும் காலத்தையும் மாறி மாறிக் கடக்கிறது. ஒரு கட்டத்தின் சிக்கலைத் தீர்த்த வழியே அடுத்த கட்டத்தின் சிக்கலாகிறது என்பது அவர் வாதம். தொடங்கியவரின் உற்சாகத்தால் வளர்ந்த நிறுவனத்துக்குத் தலைமை நெருக்கடி வருகிறது. வலுவான தலைமை வந்தபின் கீழுள்ளோர் சுதந்திரம் கேட்கின்றனர். அதிகாரம் பகிரப்பட்டபின் கட்டுப்பாடு தளர்கிறது. கட்டுப்பாட்டு முறைகள் பெருகியபின் கோப்புகள் வேலையை விழுங்குகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றிலும் மனிதவளத் துறையிடம் கேட்கப்படுவது வேறு: முதலாவதில் நல்ல மேலாளரைத் தேடித் தருவது, மூன்றாவதில் பல கிளைகளுக்கும் பொதுவான ஊதிய, பதவி உயர்வு முறையை வகுப்பது, நான்காவதில் தானே வகுத்த படிவங்களில் பாதியைக் கிழித்துப்போடும் துணிவு. கடைசியாகச் சொன்னது அரிதாகவே நிகழ்கிறது.

இந்தியாவில் இக்கட்டத்தின் முக்கியமான திருப்பம் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தில் நேர்ந்தது. பணித்திறன் மதிப்பீட்டு முறையைச் சீர்செய்யுமாறு 1970களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் உதய் பரீக், டி. வி. ராவ் ஆகியோரை அணுகியது. மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. மதிப்பீடு, பயிற்சி, பணிமுன்னேற்றத் திட்டம், ஆலோசனை ஆகியவை ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்று கண்ட அவர்கள், வழக்கமான பணியாளர் நிர்வாகத்திலிருந்தும் தொழிலுறவிலிருந்தும் வேறான மனிதவள மேம்பாட்டுத் துறை ஒன்றைப் பரிந்துரைத்தனர். அத்தொடர் விரைவில் பரவியது. 1985இல் நடுவண் அரசின் கல்வித் துறையே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எனப் பெயர் பெற்றது, 2020இல் பழைய பெயருக்குத் திரும்பியது. பல நிறுவனங்களில் பணியாளர் துறையின் பெயர்ப்பலகை மட்டும் மாறியதும் உண்மை. ஆயினும் தொழிலாளியைக் கட்டுப்படுத்தப்பட வேண்டியவராக மட்டுமன்றி வளரக்கூடியவராகவும் பார்க்கும் நோக்குக்கு அது ஒரு நிறுவன வடிவம் கொடுத்தது.

1991க்குப் பின் கேள்வி தலைகீழானது: ஆளைச் சேர்ப்பது எப்படி என்பதற்குப் பதிலாக ஆளைக் குறைப்பது எப்படி என்பது முன்வந்தது. எட்டு மணி நேர வேலையை 1912இலேயே நடைமுறைப்படுத்திய டாட்டா எஃகு நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் 75,000க்கு மேற்பட்டோர் பணியாற்றினர்; பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஏறக்குறையப் பாதியானது. பெரிய வேலைநிறுத்தம் இன்றி இது நிகழ்ந்ததற்கு, முன்கூட்டியே விலகுவோருக்கு ஓய்வு வயதுவரை மாதந்தோறும் ஒரு தொகை கிடைக்கச் செய்த திட்டமும், அதைவிட மேலாக, 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் சங்கத்தோடு பல மட்டங்களில் நடந்துவந்த கூட்டு ஆலோசனைக் குழுக்களும் காரணம். பேசும் பழக்கம் உள்ள இடத்தில்தான் கடினமான செய்தியையும் பேச முடியும். மொத்தத் தொகையை மட்டும் காட்டி விருப்ப ஓய்வு அறிவித்த பிற நிறுவனங்கள் பலவற்றில், வெளியே வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளே முதலில் போனார்கள்.

நிறுவனங்கள் இணையும்போது எழும் சிக்கல் வேறு வகை. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் இணைந்தது. பொதுத்துறை வங்கிகளின் ஊதியம் வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையிலான இருதரப்பு ஒப்பந்தங்களால் தீர்மானிக்கப்படுவதால் சம்பளப் பட்டியலில் பெரிய வேறுபாடு எழுவதில்லை. சிக்கல் பணிமூப்பில் எழுகிறது. ஒரு வங்கியில் விரைவாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் பதவி உயர்வு கிடைத்திருந்தால், ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாகிறார். இணைந்த பட்டியலில் யார் மேலே என்பது ஒரு தேதியைக் கணக்கிடும் முறையைப் பொறுத்தது. வாடிக்கையாளரின் கணக்கு எண்ணை மாற்றுவது கணினியால் முடியும். இந்தப் பட்டியலை எல்லோரும் ஏற்கும்படி வகுப்பது எந்த மென்பொருளாலும் முடியாது.

தகவல் தொழில்நுட்பத் துறையில் வளர்ச்சி வேகமே மனிதவளத் துறையைப் பெருக்கியது. ஓராண்டில் பல்லாயிரம் பட்டதாரிகளைக் கல்லூரி வளாகத்திலேயே தேர்ந்தெடுக்கும் தொழில் அதற்கு முன் இந்தியாவில் இருந்ததில்லை. அத்துறை கையாண்ட மணிவளைவு மதிப்பீட்டில், ஒவ்வொரு குழுவிலும் இத்தனை விழுக்காட்டினர் கடைநிலை என்று முன்கூட்டியே வகுக்கப்படுகிறது; நன்றாக வேலை செய்த குழுவிலும் யாரேனும் ஒருவர் கீழே தள்ளப்பட்டாக வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் புகழ் சேர்த்த இம்முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது, பிறரும் தொடர்ந்தனர். எண்ணிக்கை பெருகியபோது தனிமனிதரைப் பார்த்து முடிவு செய்யும் உழைப்பைத் தவிர்க்க நிறுவனங்கள் கண்ட குறுக்குவழி அது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கமும் உண்டு. 2009இல் கோவையின் வாகன உதிரிபாக ஆலை ஒன்றிலும், 2012 ஜூலை 18 அன்று ஹரியாணாவின் மானேசரில் மாருதி சுசுகி ஆலையிலும் நிகழ்ந்த வன்முறையில் மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தனர். அவ்வன்முறைக்கு எந்த நியாயமும் இல்லை. சங்க அங்கீகாரம், ஒப்பந்தத் தொழிலாளர் நிலை ஆகிய முடிவுகள் மேலே எடுக்கப்பட, அவற்றின் முகமாக ஆலைத் தளத்தில் நிறுத்தப்பட்டவர் மனிதவள அதிகாரி என்பதையும் மறுப்பதற்கில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றுச் சாலைக்கு வந்தபோது வெளிப்பட்டது இதன் இன்னொரு வடிவம். ஆலைக்குள் எல்லாம் சர்வதேசத் தரம். ஆட்கள் உறங்கும் விடுதி வேறு ஒருவரின் பொறுப்பு. வளர்ச்சி விரைந்தபோது நிறுவனம் உற்பத்தியைத் தன் கையில் வைத்துக்கொண்டு மனிதவளப் பணியை வெளியே குத்தகைக்கு விட்டது; மேஸ்திரி முறை முகவர் அலுவலகத்தின் வழியே மீண்டு வந்தது. ஆலைத் தொழிலாளருள் ஏறக்குறைய ஐந்தில் இருவர் இன்று ஒப்பந்தத் தொழிலாளர் என்று அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்புக் காட்டுகிறது. அவர்கள் பெயர் மனிதவளத் துறையின் ஏட்டில் இல்லை; அதே இயந்திரத்தின் முன் மட்டும் இருக்கிறது.

டேவ் உல்ரிச் 1997இல் மனிதவளத் துறைக்கு நான்கு பங்குகளை வகுத்தார்: உத்தியில் பங்காளி, நிர்வாகத்தில் வல்லுநர், மாற்றத்தின் முகவர், பணியாளரின் காவலர். கடந்த கால் நூற்றாண்டில் முதற்பங்கைப் பற்றியே கருத்தரங்குகள் மிகுதியாகப் பேசின. இரண்டாவது பங்கு மென்பொருளுக்கும் வெளி நிறுவனங்களுக்கும் சென்றது. நான்காவது பங்கு ஆண்டுக்கொருமுறை நடத்தப்படும் மனநிறைவுக் கணக்கெடுப்பாகச் சுருங்கியது. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் பெறுவது துறைக்குத் தேவையே. ஆனால் அந்த இடத்தை அடைந்தவர் அங்கு எதைக் கொண்டுபோய்ப் பேசுகிறார் என்பது நான்காவது பங்கைப் பொறுத்தது; ஆலைத் தளத்தில் யாரும் தன்னிடம் உண்மை சொல்லாத அதிகாரிக்கு மேலே சொல்ல ஒன்றும் இராது.

செயலிவழி நிறுவனங்கள் இப்போது இக்கேள்வியை அதன் எல்லைக்கே கொண்டுசென்றுள்ளன. உணவு கொண்டுசேர்ப்பவரும் வண்டி ஓட்டுபவரும் அவற்றின் பார்வையில் பணியாளரே அல்லர், பங்காளிகள். அவர்களைச் சேர்ப்பது, வேலை பகிர்வது, வாடிக்கையாளரின் நட்சத்திரக் குறிகளால் மதிப்பிடுவது, கணக்கை முடக்கி வெளியேற்றுவது அனைத்தும் நிரலே செய்கிறது. தமிழ்நாடு 2023இல் இத்தொழிலாளருக்கென நலவாரியம் அமைத்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்சென்று, ஒருவரை நீக்குமுன் 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் தரவேண்டும் என்றும், அவர் தொடர்பு கொள்ள மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த மனிதர் நிரலின் முடிவை மாற்றும் அதிகாரம் பெற்றவரா, அம்முடிவைத் தொழிலாளிக்குப் படித்துக்காட்டுபவர் மட்டுமா என்பதை இனி வகுக்கப்படும் விதிகளும் தீர்ப்புகளுமே முடிவுசெய்யும்.